செலவுப் பக்கத்தில் எழுதாதவை

ஒரு கவிதைத் தொகுப்பு அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை 200 ரூபாய். விநியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் கழிவு 70. தாள், அச்சு, கட்டு எல்லாம் சேர்ந்து பிரதிக்கு இன்னொரு 70. மிச்சம் 60 ரூபாய். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, அட்டை என்று பத்துப் பிரதி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறாத செலவு 30,000. முப்பதாயிரத்தை அறுபதால் வகுத்தால் 500. ஐந்நூறு பிரதி போனால் போட்ட காசு வந்துவிடும், அதற்கு அடுத்த பிரதியிலிருந்து லாபம். பிரேக் ஈவன் என்று வணிகவியல் வகுப்பில் சொல்லித்தரும் சங்கதி இவ்வளவுதான். இப்போது இதே கணக்கில் கவிஞருக்குப் பத்து சதவீத உரிமைத்தொகையைச் சேர்த்துப் பாருங்கள். பிரதிக்கு 20 ரூபாய் கழிகிறது, மிச்சம் 40, புள்ளி 750-க்குப் போய்விடுகிறது. செம்மையாக்கியவருக்கும் பிழை திருத்தியவருக்கும் சேர்த்து 15,000 ரூபாய் கொடுத்தால் 1,125. எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை, ஆனால் பதிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த நகர்வு புதிதாக இருக்காது. புத்தகம் அதேதான். தாள் விலையும் வாசகர் எண்ணிக்கையும் அப்படியேதான் இருக்கின்றன. யாருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், யாரைச் சும்மா விட்டுவிடலாம் என்ற முடிவு மட்டும் மாறியது. அந்த ஒரு முடிவில், கட்டுப்படியான புத்தகம் கட்டுப்படியாகாத புத்தகமாகிவிட்டது.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதுபோல ஒரு தொழில் எங்கே நட்டத்திலிருந்து மீள்கிறது என்பதையும் அளந்து சொல்லிவிடலாம் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். பிரேக் ஈவன் புள்ளி ஒரு தீர்ப்புக்கு நெருக்கமானது. யாருடைய உழைப்பு, யாருடைய காலம், யாருடைய உடைமை செலவுப் பக்கத்தில் ஏறலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுத்தான் வகுத்தலைத் தொடங்குகிறோம். ஏறாமல் நின்றவர்கள் அந்தத் தொழிலுக்கு மானியம் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் தாங்கள் கொடுப்பது அவர்களுக்கே தெரியாது.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு, அது கடைத்தெருவில் தொடங்கவில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு வைத்துக்கொண்டே இருக்கிற பிரம்மாண்டமான அமைப்பாக முதலில் வந்தது ரயில்வே. தண்டவாளமும் பாலமும் நிலையமும் போட்ட பிறகு கூடுதலாக ஒரு பயணியை ஏற்றிக்கொள்ள ஆகும் செலவு சொற்பம். 1850-இல் டயனீசியஸ் லார்ட்னர் ரயில் பொருளாதாரம் குறித்து எழுதிய நூலில் செலவையும் வரவையும் கோடுகளாக வரைந்து காட்டினார். 1903-இல் ஹென்றி ஹெஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலைகளுக்கு அதையே செய்தார். 1911-இல் ஷேர் என்ற அறிஞர் ஜெர்மன் மொழியில் அதை ‘செத்த புள்ளி’ என்று அழைத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வால்டர் ரௌட்டன்ஸ்ட்ராக் அந்த வரைபடத்தை மேலாளர்களின் அன்றாடக் கருவியாக ஆக்கினார். (இதே பேராசிரியர்தான் 1932-இல், பொருளாதாரத்தைப் பொறியாளர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற டெக்னாக்ரசி இயக்கத்துக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்தவர். கோடுகளின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அப்படி.) கருவி நல்ல கருவிதான். இரண்டு நேர்கோடுகள், அவை வெட்டிக்கொள்ளும் ஓர் இடம். எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். அந்த எளிமையால்தான், கோடுகளை வரைவதற்கு முன்னால் நடந்த சங்கதிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்க்க வைத்த ஒரு வழக்கு உண்டு. 1971 பிப்ரவரியில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. அது செய்துகொண்டிருந்த ஆர்பி211 என்ஜினை நம்பி அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் டிரைஸ்டார் என்ற பயணிகள் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. வங்கிகள் மேற்கொண்டு கடன் தரத் தயங்கின. லாக்ஹீட் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் போய் 25 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கேட்டது. அங்கே அது முன்வைத்த முக்கியமான ஆதாரம் பிரேக் ஈவன் எண்தான்: 195 முதல் 205 விமானம் விற்றால் போதும், திட்டம் தலைநிமிர்ந்துவிடும் என்றது. உறுதியான ஆணைகளும் விருப்ப ஆணைகளும் சேர்ந்து ஏற்கெனவே 180-ஐ ஒட்டி இருந்ததால் எண் நம்பும்படியாகவே இருந்தது. கீழவையில் 192-க்கு 189, மேலவையில் 49-க்கு 48 என்று மயிரிழையில் மசோதா நிறைவேறியது.

இரண்டாண்டு கழித்து ஊவே ரைன்ஹார்ட் என்ற பொருளியலாளர் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தார். விமானத்தை உருவாக்க நூறு கோடி டாலர் அளவில் ஆகியிருந்தது. அந்தத் தொகையை லாக்ஹீட் தன் கணக்கில் சேர்த்திருந்தது, ஆனால் அது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பதற்கான விலையைச் சேர்க்கவில்லை. இன்று போடும் ஒரு டாலரும் பத்தாண்டு கழித்து வரும் ஒரு டாலரும் ஒன்று என்று வைத்துக்கொண்டால்தான் 200 என்ற எண் கிடைக்கும். வட்டிக்குக் கொடுத்து வாங்கிப் பழகிய எந்தக் குடும்பமும் இப்படிக் கணக்குப் போடாது. முதலீட்டுக்கு உரிய வருவாயையும் செலவாக வைத்தால் புள்ளி 500 விமானங்களை ஒட்டிப் போகிறது என்று ரைன்ஹார்ட் காட்டினார். கடைசியில் 1984-இல் உற்பத்தி நின்றபோது செய்து முடித்திருந்த டிரைஸ்டார்கள் 250. நிறுவனம் சொன்ன 205-ஐ அந்த விமானம் தாண்டிவிட்டது. ஆனால் பயணிகள் விமானத் தொழிலில் சுமார் 250 கோடி டாலரை இழந்துவிட்டு லாக்ஹீட் அதிலிருந்தே வெளியேறியது. விற்பனை பல ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டு போனதும், ஆண்டுக்குச் சிலவே செய்ததால் ஒவ்வொன்றின் செலவும் கூடியதும் இழப்புக்குக் காரணங்கள்தான். ஆனால் காலத்துக்கு விலை வைக்காத ஒரு கணக்கில் ‘இழுத்துக்கொண்டு போவது’ என்ற ஆபத்துக்கு இடமே இல்லை. நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: உத்தரவாதம் கொடுத்த அரசு எதையும் இழக்கவில்லை, கட்டணமாகக் கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்தது. விலையைப் பங்குதாரர்கள் கொடுத்தார்கள்.

இங்கே நிதி படித்தவர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள், அது வலுவான மறுப்பு. போன பணம் போனதுதான். 1971-இல் லாக்ஹீட் முன்னால் இருந்த கேள்வி ‘இனிமேல் போடும் பணம் திரும்புமா’ என்பது மட்டுமே. ஏற்கெனவே மூழ்கியதை எண்ணிக்கொண்டிருப்பவன் தப்பான முடிவுக்கு வருவான். ஒவ்வொரு செலவையும் சேர்த்துக்கொண்டே போகச் சொல்வது அறிவீனம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தொடர்வதா கைவிடுவதா என்ற கேள்விக்கு மூழ்கிய செலவு பொருட்டல்ல. ஆனால் மறுப்பு எதை ஒப்புக்கொண்டு நகர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே விமானத்துக்கு இரண்டு பிரேக் ஈவன் புள்ளிகள் இருக்க முடியும், கேள்வியைப் பொறுத்து எது சரி என்பது மாறும் என்று அது சொல்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை இன்னொரு கேள்விக்குப் போர்த்தி அனுப்பும்போதுதான் ஏமாற்று நுழைகிறது. இந்தத் திட்டம் தொடங்கியிருக்க வேண்டிய திட்டமா என்று உறுப்பினர்கள் மனத்தில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, வேறொரு கணக்கின் எண் பதிலாக வந்து நின்றது.

லாக்ஹீட்டின் பங்குதாரர்களுக்காக நாம் ரொம்பவும் வருந்த வேண்டியதில்லை. விடுபட்டது அவர்களுடைய பணத்தின் காலம், அதைக் கணக்கிட்டுக் காட்டப் பொருளியலாளர்கள் இருந்தார்கள். நெல்லுக்கு வருவோம். விவசாயச் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் 1965-இல் வேறு பெயரில் தொடங்கியது. அதன் அறிக்கைகளில் ஒரே குவிண்டால் நெல்லுக்குப் பல செலவுகள் இருக்கும். ஏ2 என்பது விவசாயி கையிலிருந்து போன செலவு: விதை, உரம், பூச்சிமருந்து, டீசல், கூலியாட்கள், குத்தகை கொடுத்திருந்தால் குத்தகை. அதோடு வீட்டு ஆட்களின் உழைப்பை மதிப்பிட்டுச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும், சொந்தமாகப் போட்டிருக்கும் மோட்டார், கருவிகள் போன்ற முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2. 2023-24 குறுவைப் பருவத்தை உள்ளடக்கிய காரீஃப் நெல்லுக்கு ஏ2+எஃப்எல் 1,455 ரூபாய், சி2 1,911 ரூபாய். அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை 2,183. முதல் எண்ணை வைத்துப் பார்த்தால் செலவுக்கு மேல் சரியாக ஐம்பது சதவீதம். 2018-19 பட்ஜெட்டில் சொன்ன ஒன்றரை மடங்கு என்ற வாக்குறுதி நிறைவேறிவிட்டது. இரண்டாவதை வைத்துப் பார்த்தால் பதினான்கு சதவீதம் சொச்சம். சி2-இன் ஒன்றரை மடங்கு வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கும் தொகை 2,866 ரூபாய் 50 காசு. குவிண்டாலுக்கு 683 ரூபாய்க்கு மேலான இந்த இடைவெளியில் விளைச்சலோ மழையோ சந்தையோ எந்தப் பங்கும் வகிக்கவில்லை. ஒரே ஆணையம், ஒரே அறிக்கை, பக்கத்துப் பக்கத்துப் பத்திகள். எந்தப் பத்தியை ‘செலவு’ என்று கூப்பிடுவது என்பதுதான் பல வருடங்களாக நடக்கும் சண்டை. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் என்று பரிந்துரைத்ததை இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டுகின்றன என்பது இதில் ஒரு வேடிக்கை.

இதிலும் ஒரு கனமான மறுப்பு உண்டு, பொருளியலாளர் ரிக்கார்டோ காலத்து மறுப்பு. நிலவாடகை அதிகம் என்பதால் தானியம் விலை ஏறுவதில்லை, தானியம் விலை ஏறுவதால்தான் நிலவாடகை ஏறுகிறது என்று 1817-இலேயே அவர் வாதிட்டார். அப்படியானால் சொந்த நிலத்தின் வாடகையைச் செலவில் சேர்த்து விலை நிர்ணயித்தால், அந்த விலையே வாடகையை உயர்த்தும், உயர்ந்த வாடகை அடுத்த ஆண்டு செலவில் ஏறும், வட்டம் முடியாது. பலன் நிலம் அதிகம் வைத்திருப்பவனுக்கே போகும். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளும் விவசாய ஆதரவாளர்கள் தவறு செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சி2-வை மறுக்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆனால் இது எவ்வளவு தூரம் செல்லும்? குத்தகைக்கு எடுத்தவன் கொடுக்கும் வாடகை ஏ2-விலேயே இருக்கிறது. அங்கே வட்டம் யாருக்கும் உறுத்தவில்லை. பணமாகக் கைமாறினால் செலவு, கைமாறாவிட்டால் செலவில்லை என்பதுதான் உண்மையில் கடைப்பிடித்த விதி. அது ரிக்கார்டோவின் விதி இல்லை, ரசீது வைத்திருப்பவனின் விதி. சொந்த மோட்டாரில் முடங்கிய பணத்தின் வட்டிக்கு ரிக்கார்டோவின் பாதுகாப்பும் கிடையாது. லாக்ஹீட் விட்டுவிட்டதாக ரைன்ஹார்ட் கண்டுபிடித்துச் சொன்ன அதே இனம், தஞ்சாவூர் வயலிலும் விட்டுப்போகிறது. அங்கே அதைப் பிழை என்றார்கள், இங்கே அது கொள்கை.

வீட்டு ஆட்களின் உழைப்பாவது எண்ணில் வந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். அதன் பின்னாலும் ஒரு பெரிய விவாதம் இருக்கிறது. ரஷ்யப் பொருளியலாளர் அலெக்ஸாண்டர் சயனோவ் 1925-இல் வெளியிட்ட நூலில், குடும்பமாக உழுகிற விவசாயி முதலாளியைப்போல லாபக் கணக்குப் பார்ப்பதில்லை என்று வாதிட்டார். வீட்டில் எத்தனை வாய், எத்தனை கை என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பம் உழைப்பைக் கூட்டிக்கொள்ளும். கூலி கொடுத்து நடத்தும் பண்ணை கைவிட்டு ஓடிவிடும் விலையிலும் அது தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் தன்னையே அது மலிவாக விற்றுக்கொள்கிறது. சுய சுரண்டல் என்றார் அவர். 1930-இல் கைதான சயனோவை 1937-இல் சுட்டுக்கொன்றார்கள். நூல் ஆங்கிலத்துக்கு வந்தது 1966-இல். அவருடைய வாதம் சரியென்றால், ‘இந்த விலையிலும் விதைக்கிறார்களே, அப்படியென்றால் கட்டுப்படியாகத்தானே செய்கிறது’ என்று நகரத்தில் சொல்லப்படும் தர்க்கம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். தொடர்ந்து நடக்கிறது என்பதே நட்டமில்லை என்பதற்குச் சான்றாகாது. களத்துக்குச் சோறு கொண்டுபோகும் பெண்ணின் சமையல் நேரம் எந்தப் பத்தியிலும் இல்லாதவரை, ஏ2-வா சி2-வா என்ற சண்டையும் முழுச் சண்டை ஆகிவிடாது.

தாமாகவே விரும்பிக் கணக்குப் பார்க்காதவர்கள் இல்லையா, அவர்களையும் சுரண்டப்பட்டவர்கள் என்று சொல்வீர்களா என்று கேட்கலாம். சிறுபத்திரிகை வாசிப்பவர்களிடம் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 1959 முதல் 1970 வரை சி. சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ தொடங்கி, தமிழில் தீவிர இலக்கியம் என்று நாம் சொல்லும் அநேகமாக எல்லாமே செலவுப் பக்கத்தில் ஆசிரியரின் கூலியை எழுதாமல் வந்தவை. எழுதியிருந்தால் முதல் இதழே வந்திருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபாடு. தன் உழைப்பைக் கணக்கிலிருந்து தானே அடித்துக்கொள்பவன், தான் எதற்கு மானியம் கொடுக்கிறோம் என்று அறிந்தவன். வேறொருவர் அவனுடைய வரியை அடிக்கும்போது அந்த அறிவு அவனுக்கு இல்லை, மறுக்கும் வழியும் இல்லை. இதில் நம் பத்திரிகைகளும் முழுக்கச் சுத்தமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஆசிரியரின் தியாகம் அவருடைய தேர்வு. பிழை திருத்திக் கொடுத்த இளைஞருடையதும், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்ட மனைவியுடையதும் அவரவர் தேர்வுதானா என்று யாரும் விசாரித்ததில்லை.

இந்த விவகாரத்தின் ஆழத்துக்குப் போனவர் என்று நான் கருதுவது ஜே. எம். கிளார்க் என்ற அமெரிக்கப் பொருளியலாளரை. நிலைச்செலவுகளைப் பற்றி 1923-இல் அவர் எழுதிய பெரிய நூலில், வரைபடத்தின் அடிப்படையான பிரிவினையிலேயே கைவைத்தார். தொழிற்சாலைக் கணக்கில் இயந்திரம் நிலைச்செலவு, தொழிலாளி மாறும் செலவு. ஆணை வந்தால் ஆள் எடுக்கலாம், குறைந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழிலாளி சாப்பிட வேண்டும், பிள்ளை வளர்க்க வேண்டும், உடம்பைக் காப்பாற்ற வேண்டும். சமூகத்தின் கணக்கில் அவர்தான் இருப்பதிலேயே நிலையான செலவு என்றார் கிளார்க். முதலாளி ஒப்பந்தத்தின் வடிவத்தால் அதை மாறும் செலவாக ஆக்கிக்கொள்கிறார். மந்தக் காலத்தில் அந்தப் பாரம் கரைந்துவிடுவதில்லை, குடும்பத்துக்கும் தர்மத்துக்கும் நகராட்சிக்கும் போகிறது. தொழிற்சாலையின் பிரேக் ஈவன் புள்ளி கீழே இறங்கிய அளவுக்கு வீட்டின் புள்ளி மேலே ஏறிவிட்டது. நூறாண்டு கழித்து இதைவிடக் கூர்மையாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

உணவு விநியோகச் செயலிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். பல ஆண்டு நட்டத்துக்குப் பிறகு 2023 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் சொமேட்டோ முதன்முறையாக 2 கோடி ரூபாய் நிகர லாபம் அறிவித்தபோது அது தொழில் முதிர்ந்ததன் அடையாளமாகக் கொண்டாடப்பட்டது. கொண்டாட்டத்தில் தவறில்லை, கணக்கு விதிகளின்படி வந்த எண் அது. ஆனால் அந்தத் தொழிலின் வாகனம், பெட்ரோல், போன், டேட்டா எல்லாம் ஓட்டுபவர் செலவு. இரண்டு ஆர்டருக்கு இடையில் டீக்கடை வாசலில் நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. கிளார்க் சொன்ன பாரமாற்றம் இங்கே இன்னொரு படி போய்விட்டது: தொழிலாளியின் பராமரிப்போடு இயந்திரத்தின் தேய்மானமும் அவர் தலையில் ஏறிவிட்டது. நிறுவனத்தின் நிலைச்செலவு மென்பொருளும் அலுவலகமும் விளம்பரமும்தான்.

இப்படியே போனால் எல்லையே இல்லை, ஒவ்வொரு விநியோகத்திலும் சாலைத் தேய்மானத்தையும் காற்று மாசையும் சேர்க்கச் சொல்வீர்கள், முடிவெடுக்க வேண்டியவன் ஒரு முடிவும் எடுக்க முடியாது என்பது கடைசியாக வரும் மறுப்பு. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கோடு எங்கே போடப்பட்டது என்று எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அது அசாத்தியம் இல்லை. நெல் அறிக்கை அதைச் செய்கிறது. ஏ2-வும் சி2-வும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் விவசாயச் சங்கங்களுக்குச் சண்டை போட ஓர் எண் கிடைத்தது. செயலித் தொழிலாளிக்கு அப்படி ஒரு பத்தி எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. சுழியமாக இருந்த இடத்தில் ஒரு எண் விழுந்திருக்கிறது. அந்த எண் போதுமா என்று சொல்ல முதலில் ஓட்டுபவரின் செலவை யாராவது எண்ணியாக வேண்டும்: பெட்ரோல், வண்டித் தவணை, காப்பீடு, காத்திருந்த நேரம், விழுந்து அடிபட்டு வீட்டில் கிடந்த நாட்கள். நெல்லுக்கு அந்த வேலையைச் செய்ய ஓர் ஆணையம் இருக்கிறது.